திராட்சை நிரைகளும் காட்டுப்பாதையும்: பிஃபால்ஸ் நடை பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

ஞாயிறு காலை செம்பனைத் தோட்டத்துக்குள் நடந்துவிட்டு, மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்க உட்கார்ந்தால், நான் ஜெர்மனியில் நடந்த பேச்சு வராமல் இருக்காது. மகள் மன்ஹைமில் வேலை பார்ப்பதால், இரண்டு அக்டோபர் மாதங்கள் பக்கத்திலிருக்கும் பிஃபால்ஸ் வட்டாரத்தில் நடக்க எனக்கு வாய்த்தது. இப்போது எங்கள் நடைக்குழுவில் ஏழு பேர் போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்களும் வேறு சிலரும் தாளில் எழுதித் தந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

டீச்சர், மலை மலை என்கிறீர்களே, ஆல்ப்ஸ் மாதிரி பனி மூடிய மலையா? எங்கே இருக்கிறது? (தோட்ட மேற்பார்வையாளர்)

இல்லை தம்பி. ஜெர்மனியின் தென்மேற்கு மூலை அது, பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. கிழக்கே ரைன் ஆற்றுச் சமவெளி. சமவெளி முடியும் இடத்தில் திராட்சைத் தோட்டங்கள் வரிசையாகக் கிடக்கும். அதற்கு மேல் ஹார்ட் என்ற குன்றுத் தொடர். குன்றைத் தாண்டினால் காடு, சுமார் 1,800 சதுர கிலோமீட்டர். காட்டுப் பகுதியின் உச்சி கல்மிட், அதுவே 673 மீட்டர்தான். நாம் ஈப்போவுக்குப் போய் ஏறும் கிளேடாங் மலை சுமார் 800 மீட்டர் இருக்கும். அதை மூச்சு வாங்காமல் ஏறுகிற உங்களுக்குக் கல்மிட் ஒரு பாடாக இருக்காது.

ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பிஃபால்ஸ் வைன்ஸ்டைக் என்ற நீண்ட பாதை வடக்கே பொக்கன்ஹைமில் தொடங்கித் தெற்கே ஷ்வைகன் வரை சுமார் 170 கிலோமீட்டர் போகிறது. பதினொரு நாள் நடையாகப் பிரித்திருக்கிறார்கள். அது நேராகப் போகாது. திராட்சைக்குள் இறங்கும், காட்டுக்குள் ஏறும், திரும்ப இறங்கும். நாள் முழுக்க இதே கதைதான். மாலையில் தொடை பேசும்.

ஒரே ஒரு நாள் நடக்க முடியும் என்றால் எந்தப் பாதை? (மருந்துக்கடை வைத்திருப்பவர்)

யோசிக்கவே வேண்டாம், நோய்ஸ்டாட்டிலிருந்து சாங்க்ட் மார்ட்டின். காலையில் நோய்ஸ்டாட் ரயில் நிலையத்தில் இறங்கி தெற்கே ஏறினால் முதலில் ஹம்பாக் கோட்டை வரும். 1832 மே மாதம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர்வலமாக ஏறிப்போய், பேச்சுரிமையும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்ட இடம். கறுப்பு, சிவப்பு, பொன்நிறக் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைய ஜெர்மன் கொடி அதே நிறங்கள்தான். மாணவர், கைவினைஞர், திராட்சை விவசாயி எல்லாரும் நடந்த வழியில் நாமும் நடக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோட்டைச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள். கிராமங்கள் திராட்சைக்கு நடுவே தீவு தீவாகத் தெரியும்.

அங்கிருந்து காட்டுக்குள் ஏறினால் ஹோஹே லோக் குடில். ஒரு சூப் குடித்துவிட்டுக் கல்மிட் உச்சிக்குப் போகலாம். உச்சிக்குப் பக்கத்தில் பாறைக்கடல் என்று ஓர் இடம், ஆள் உயரப் பாறைகள் உருட்டிப் போட்டாற்போல் குவிந்து கிடக்கும். எல்லாம் மணற்பாறை. கோட்டையும் அந்தக் கல், தேவாலயக் கோபுரமும் அந்தக் கல், கீழே வீட்டு வாசற்படியும் அந்தக் கல். இறங்கினால் சாங்க்ட் மார்ட்டின் கிராமம். திரும்பப் பஸ் உண்டு. காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடலாம்.

எனக்கு முழங்கால் வலி. நான் வரவே வேண்டாமா, அக்கா?

வாங்க. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் படுத்தும். ஏடன்கோபன் ஊருக்கு மேலே ரீட்புர்க் என்ற பாழடைந்த கோட்டை இருக்கிறது. அங்கே நாற்காலி லிஃப்ட் ஓடுகிறது. மெதுவாக நடந்து ஏறுங்கள், இறங்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து வாருங்கள். குளிர்காலத்தில் ஓடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நடைக்கோல் இரண்டு எடுத்து வாருங்கள், ஒன்று போதாது.

என் மகன் வயது பத்தொன்பது. போகிற இடமெல்லாம் வைன் என்கிறீர்கள். பயமாக இருக்கிறது, டீச்சர். (ஒரு தாய்)

உங்கள் பயம் எனக்குப் புரியும், அம்மா. சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துச் சீரழிந்த குடும்பங்களை நம் லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பார்த்து வளர்ந்தவள் நான். நானே குடிக்கிறதில்லை. இரண்டு தடவையும் ஒரு சொட்டு தொடாமல்தான் நடந்தேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. திராட்சைச் சாற்றில் சோடா கலந்து அரை லிட்டர் கண்ணாடிக் குவளையில் தருவார்கள். விரல் வழுக்காமல் பிடிக்கக் குவளை முழுக்கக் குழி குழியாக இருக்கும். அறுவடைக் காலத்தில் ஃபெடர்வைசர் என்று, பாதி புளித்த, கலங்கிய ஒன்று விற்பார்கள். இனிப்பாகச் சாறு மாதிரியே இருக்கும், ஆனால் அது மதுதான். மகனிடம் இந்த ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். காட்டுக் குடில்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பன்றி இறைச்சி, ஈரல் உருண்டை, தொத்திறைச்சி. சைவக்காரர் கேட்க வேண்டிய பெயர் வைசர் கேஸ். தயிர் மாதிரிப் புளிப்பான மிருதுவான வெண்சீஸில் வெங்காயத்தாள் கலந்து, தோலோடு அவித்த உருளைக்கிழங்கோடு வைப்பார்கள். நான் நம் வீட்டு ஊறுகாய் ஒரு சின்னப் புட்டி கொண்டுபோனேன், அமிர்தம். உருளைக்கிழங்கு சூப்பில் சில இடங்களில் பன்றிக் கொழுப்புத் துண்டு போடுவார்கள், கேட்டுவிட்டுக் குடியுங்கள். வெங்காய கேக்கிலும் அப்படித்தான்.

குடில்கள் பல சனி, ஞாயிறு மட்டும்தான் திறந்திருக்கும். காசு கையில் இருக்கட்டும், கார்டு எல்லா இடத்திலும் எடுபடாது. ஊருக்குள்ளே நிலைமை தலைகீழ், ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் சாத்தியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி வாங்கிவிடுங்கள்.

ரத்தம் உறிஞ்சும் அட்டை உண்டா? (இதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்)

நம் காட்டைப் போல நடைபாதையில் அட்டை ஏறும் கவலை இல்லை. உண்ணி உண்டு. அட்டை கடித்தால் ரத்தம் போகும், அவ்வளவுதான். உண்ணி லைம் நோயைக் கொண்டுவரலாம். நீளக் கால்சட்டை போட்டு, காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். புகையிலை, எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடிடாஸ் கம்போங் போதுமா?

நம் செம்மண் சேற்றுக்கு அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்தை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அங்கே காலை வேளையில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும், ரப்பருக்குள் கால் விறைத்துவிடும். திராட்சைக்குள் போகும் வழி நிறைய இடத்தில் சிமெண்டு வேறு. அடிப்பாகம் தடித்த நடைச் சப்பாத்து வாங்கி, இங்கேயே ஒரு மாதம் போட்டுப் பழகிவிட்டுப் போங்கள்.

வழியில் தொங்குகிற திராட்சையைப் பறித்துச் சாப்பிடலாமா? (ஆறாம் படிவ மாணவி)

கூடாது கண்ணு. அது ஒருவருடைய ஒரு வருட உழைப்பு. அறுவடை நெருங்கும்போது சில வழிகளை மூடியும் வைப்பார்கள், பலகை இருந்தால் சுற்றிப் போங்கள். டிராக்டர் வந்தால், இங்கே செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு ஒதுங்குகிறோமே, அதே மாதிரி ஒதுங்கி நில்லுங்கள்.

இந்தக் கேள்வியை நீ கேட்டது எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் எனக்கு அந்தப் பயணத்தில் மறக்க முடியாதது இதுதான். சமமான நிலத்தில் பெரும்பாலும் இயந்திரம்தான் திராட்சை அறுக்கிறது. சரிவிலும் நல்ல ரக வைனுக்கும் இன்னும் கையால் வெட்டுகிறார்கள். ஒரு காலையில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. பக்கத்தில் போனால் ஒரு நிரைக்கு இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், கையில் சின்னக் கத்தரி, காலடியில் வாளி. ருமேனியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் பருவத்துக்கு வந்தவர்கள் என்று மகள் சொன்னாள். அதில் ஓர் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த விதம் அப்படியே என் அம்மாதான். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் என் அம்மா. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டிலேயே ஓடுவார். நான் கும்பிட்டேன். அந்த அம்மா என்ன நினைத்தாரோ, ஒரு குலையை வெட்டி என் கையில் வைத்தார். கொடுத்தால் வாங்கிக்கொள், நீயாகப் பறிக்காதே.

காட்டோரம் உதிர்ந்து கிடக்கும் கஷ்கொட்டையை வேலியில்லாத இடத்தில் ஒரு கைப்பிடி பொறுக்கலாம். அந்த மரத்தின் கட்டையைத்தான் முன்பெல்லாம் திராட்சைக் கொடிக்கு முட்டுக் கொடுக்க நட்டார்களாம். மேலே காடு, கீழே தோட்டம் என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம், அங்கே ஒன்றை நம்பி ஒன்று இருந்திருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

வசந்தத் தொடக்கத்தில், பெரும்பாலும் மார்ச்சில், கிம்மல்டிங்கன் பக்கம் பாதாம் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கும். எந்த வாரம் என்பது அந்த வருடக் குளிரைப் பொறுத்தது. என் ஓட்டு செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை. குன்றுகள் மேற்கிலிருந்து வரும் மழையைப் பிடித்துக்கொள்வதால் திராட்சைப் பக்கம் மழை குறைவு. பெரும்பாலான வருடங்களில் தீபாவளிக்கு வீடு திரும்பிவிடலாம்.

பாஷை தெரியாமல் வழி தவறினால்?

மரத்தில் வண்ணக் கோடும் புள்ளியும் வரைந்திருப்பார்கள். நீங்கள் தொடங்கிய குறியையே பிடித்துக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் குறி தென்படவில்லை என்றால் திரும்பி வந்து கடைசிக் குறியில் நில்லுங்கள்.

நம் ஊரில் ஏன் இப்படி ஒரு பாதை இல்லை? எங்கே பயிற்சி எடுப்பது? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

ஐயா, அங்கேயும் அந்தப் பாதை தானாக வந்துவிடவில்லை. பிஃபால்ஸ் காட்டுச் சங்கம் 1902-இல் தொடங்கியது. மரத்தில் குறி வரைவதிலிருந்து குடிலில் சூப் ஊற்றுவது வரை பெரும்பாலும் சங்கத்துத் தொண்டர்கள் செய்கிறார்கள். எனக்கு உருளைக்கிழங்கு வைத்தவர் எழுபது வயதைத் தாண்டியவர், சம்பளமில்லாமல் தன் முறைக்கு வந்திருந்தார்.

நமக்கும் பாதை இருந்தது. லயத்திலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து பள்ளிக்கு, தோட்டத்தின் ஒரு டிவிஷனிலிருந்து அடுத்த டிவிஷனுக்கு. பால் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது பாதி போனது, லயத்தை இடித்தபோது மீதி போனது. அவை எங்கே ஓடின என்று சொல்லக்கூடியவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்தான். அதை ஒரு படமாக வரைந்து வைக்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பயிற்சிக்கு, தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டி அனுமதி கேட்டுச் செம்பனைச் சாலையில் பத்து கிலோமீட்டர், வாரம் ஒரு தடவை. மாதம் ஒரு தடவை கிளேடாங். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் போவதென்றால் வன இலாகா பெர்மிட் வேண்டும், வழிகாட்டி தேவையா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு மாரியம்மன் கோயில் முன்னால் நிற்போம். நீங்களும் வாருங்கள் ஐயா. பெரிய வெள்ளைத் தாளும் பென்சிலும் நான் கொண்டுவருகிறேன்.