தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம் பார்த்தீர்களா? பழைய கத்திப் புத்தகங்கள், கேட்லாக்குகள்: கேள்வி-பதில்

இந்த முறை கடிதங்கள் கொஞ்சம் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். படம் அனுப்பாமல் விலை மட்டும் கேட்டவர்கள் எல்லாருக்கும் முதல் பதிலே போதும்.

தாத்தா காலத்து இங்கிலீஷ் கத்திப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. என்ன விலை போகும்? (திருச்சி)

தெரியாது. பெயர் எழுதவில்லை, ஆண்டு எழுதவில்லை, எத்தனை பக்கம் என்றுகூட எழுதவில்லை. அட்டை, தலைப்புப் பக்கம், தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம், கடைசிப் பக்கம் நான்கையும் படமெடுத்து அனுப்புங்கள். அப்புறம் பேசலாம். 'தாத்தா காலத்து' என்பதை வைத்துக்கொண்டு யாராலும் விலை சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரின் ஜோசப் ஸ்மித் 1816-இல் வெளியிட்ட கத்தி, கருவிப் படத்தொகுப்பு ஒன்றை 'அசல்' என்று சொல்லி ஒருவர் விற்கிறார். தாள் வெள்ளையாக, நன்றாக இருக்கிறது. முன்னால் நீளமாக ஒரு முன்னுரையும் இருக்கிறது. வாங்கலாமா? (கோவை)

தாள் வெள்ளை, நீளமான முன்னுரை என்று நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். அது 1975-இல் அமெரிக்காவில் எர்லி அமெரிக்கன் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் கொண்டுவந்த மறுபதிப்பாகத்தான் இருக்கும். மறுபதிப்பு விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள். அந்தக் காலத்து ஷெஃபீல்டில் என்னென்ன வடிவங்கள் செய்தார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல புத்தகம் இல்லை.

அசலா என்று சோதிக்க மூன்று வழிகள். உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படமென்றால், விளிம்பை வெட்டியிருந்தால் தவிர, தகட்டின் ஓரம் அழுந்திய தடம் படத்தைச் சுற்றித் தாளில் தெரியும். மறுபதிப்பில் அந்தத் தடம் இருக்காது, இருந்தாலும் மையாக அச்சாகியிருக்கும். இரண்டாவது, பழைய பிரதியைப் படமெடுத்து அச்சிட்டால் அதிலிருந்த பழுப்புப் புள்ளியும் சேர்ந்து அச்சாகும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி தாளில் ஊறியதா, மையா என்று தெரிந்துவிடும். மூன்றாவது, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச். வெண்மை கூட்டும் ரசாயனம் தாளில் சேரத் தொடங்கியது ஏறக்குறைய 1950 வாக்கில். அந்த வெளிச்சத்தில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் 1816 என்ற பேச்சே வேண்டாம்.

இத்தனைக்கும் முன்னால், தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். மறுபதிப்பு ஆண்டு அங்கேதான் இருக்கும். விற்பவர் அந்தப் பக்கத்தின் படத்தை மட்டும் அனுப்ப மறந்துபோவார்.

ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்திக் கம்பெனியின் கேட்லாக் ஒன்று கிடைத்தது. ஆண்டு எங்கும் போடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை)

படங்களோடு எழுதியதற்கு நன்றி. எல்லாரும் இப்படி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

முதலில் கம்பெனியின் பெயர். உங்களுடையதில் 'லிமிடெட்' இருக்கிறது. ராட்ஜர்ஸ் லிமிடெட் ஆனது 1871-இல், ஆகவே அதற்கு முந்தியதல்ல. (ஷெஃபீல்டின் இன்னொரு கத்திக் கம்பெனியான வாஸ்டன்ஹோம் லிமிடெட் ஆனது 1875. இரண்டு பெயரும் சேர்ந்து வந்தால் 1971-க்குப் பிந்தியது. அந்த ஆண்டுதான் ராட்ஜர்ஸ் வாஸ்டன்ஹோமை வாங்கியது.) அடுத்து, கிரீடத்துக்குப் பக்கத்திலுள்ள எழுத்துகள். வி.ஆர். என்றால் விக்டோரியா, 1901 வரை. ஈ.ஆர். என்றால் எட்வர்டு, 1910 வரை. ஜி.ஆர். என்றால் ஐந்தாம் ஜார்ஜா ஆறாம் ஜார்ஜா என்று வேறு தடயம் வைத்துத்தான் சொல்ல வேண்டும். டெலிபோன் எண் இருந்தால் 1880-க்குப் பிறகு. படத்திலுள்ள கத்தியின் முத்திரையில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் 1890-இல் அமெரிக்கா போட்ட மெக்கின்லி சட்டத்துக்குப் பிந்தியது; இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் ஓர் இடத்தில் வந்தாலும் போதும், 1914-க்கு முந்தியதல்ல. ஹாரி பிரியர்லி அந்த எஃகைக் கண்டதே 1913-இல்தான்.

உங்கள் கேட்லாகில் ஈ.ஆர். இருக்கிறது, ஸ்டெயின்லெஸ் இல்லை. 1901-க்கும் 1910-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கத்திப் படங்களின் அச்சுக்கட்டைகளை முப்பது நாற்பது வருடம் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். பொருட்காட்சிப் பதக்கங்களும் அப்படித்தான்: 1851 லண்டன் பொருட்காட்சிப் பதக்கத்தை ஐம்பது வருடம் கழித்தும் அட்டையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். படத்தின் வயதும் பதக்கத்தின் வயதும் கேட்லாகின் வயதாகாது. புதிதாக நுழைந்த விஷயம் எது என்று தேடுங்கள்.

1910 வாக்கில் வந்த விலைப்பட்டியலில் ஒரு பேனாக்கத்தி 18 ஷில்லிங் என்று போட்டிருக்கிறது. அந்தக் காலத்திலேயே அவ்வளவு விலையா? (ஈரோடு)

அது ஒரு டஜனுக்கு. பக்கத்தின் தலையிலேயே போட்டிருப்பார்கள், பார்க்கவில்லை நீங்கள். ஒரு கத்திக்கு ஒன்றரை ஷில்லிங் ஆகிறது. அதிலும் தள்ளுபடி உண்டு. அச்சிட்ட விலையை உயரமாக வைத்துவிட்டு, கால் பங்கு குறைப்பு, மூன்றில் ஒரு பங்கு குறைப்பு என்று தனித்தாளில் கடைக்காரருக்கு அனுப்புவார்கள். அந்தத் துண்டுத்தாள் உள்ளே இருந்தால் பத்திரம். அதோடு இருக்கும் கேட்லாக் அபூர்வம்.

என்னிடம் ஜெர்மனியின் கத்தி நகரமான ஜோலிங்கனின் பழைய கேட்லாக் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 80 வண்ணப் பக்கங்கள். அட்டை கிழிந்துவிட்டது. நல்ல பக்கங்களை மட்டும் எடுத்து ஃப்ரேம் போட்டு விற்கலாம் என்று நண்பர் சொல்கிறார். எந்தப் பக்கங்களுக்கு மதிப்பு அதிகம்? (பெங்களூரு)

எந்தப் பக்கத்துக்கும் இல்லை. பிளேடைக் கீழே வையுங்கள்.

இந்தக் கேள்வி ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு 'நண்பர்' இருக்கிறார், அவர் பக்கத்துக்கு இவ்வளவு, எண்பது பக்கத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிக் காட்டுகிறார். அந்தக் கணக்கில் விற்காத அறுபது பக்கங்கள் வருவதில்லை. மடக்குக் கத்தியும் வேட்டைக் கத்தியும் உள்ள பக்கத்தை வாங்க ஆள் வரும். மேசைக் கத்தி, சவரக் கத்தி, கத்தரிக்கோல், காய் நறுக்கும் கத்தி, கார்க் திருகி என்று மீதமுள்ள பக்கங்களை யார் சுவரில் மாட்டுவார்கள்? அவை பழைய பேப்பர் கடைக்குப் போகும். எனக்கு வேண்டியது அந்தப் பக்கங்கள்தான். அழகான கத்தியைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. சாதாரண வீட்டு, கடைக் கத்தி எப்படி இருந்தது, என்ன விலை, எந்த நாட்டுக்கு எந்த வடிவம் போனது என்பதற்குக் கேட்லாகை விட்டால் சாட்சி இல்லை.

இன்னொன்று, கம்பெனியின் பெயர் பெரும்பாலும் அட்டையிலும் முதல் பக்கத்திலும் மட்டும்தான் இருக்கும். படப் பக்கத்தில் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்ணுக்கு என்ன பொருள், பிடி கொம்பா எலும்பா ஈபோனி என்ற கருமரமா, டஜன் என்ன விலை என்பதெல்லாம் வேறு பக்கத்தில், சில சமயம் வேறு புத்தகத்தில் இருக்கும். பக்கத்தை உருவியெடுத்த நிமிடமே அது பெயரில்லாத படம். ஷெஃபீல்டின் பழைய மாதிரிப் புத்தகங்கள் சிலவற்றில் செய்தவர் பெயரை வேண்டுமென்றே போடவில்லை; இடையிலுள்ள வியாபாரியைத் தாண்டி வாங்குபவர் நேராகப் பட்டறைக்குப் போய்விடக் கூடாது என்று. அப்படிப்பட்ட புத்தகத்தில் பக்கங்களின் வரிசை, எண்களின் ஓட்டம், ஓரத்தில் பென்சிலால் எழுதிய விலை, பைண்டிங் ஆகியவற்றை வைத்துத்தான் எதையாவது கண்டுபிடிக்க முடியும். பிரித்துவிட்டால் அதுவும் போச்சு.

பிரித்து விற்பவர்கள் தேதியும் போடுவார்கள், அது இன்னும் கொடுமை. ஒரு கடையில் கண்ணாடி போட்டு 'விக்டோரியா காலம், 1850' என்று மாட்டிவைத்திருந்த ஒரு பக்கத்தில், மூன்றாவது வரியிலேயே ஸ்டெயின்லெஸ் என்று அச்சாகியிருந்தது. கடைக்காரரிடம் சொன்னேன். "சார், வாங்குறவங்க படிக்கிறதில்லை" என்றார்.

ஏற்கெனவே பிரித்ததைத்தானே வாங்குகிறோம் என்று இன்னொரு வாசகர், இவர் ஹைதராபாத், சமாதானம் எழுதியிருக்கிறார். வாங்க ஆள் இருப்பதால்தான் அடுத்த புத்தகத்தையும் வெட்டுகிறார்கள். சுவருக்குப் படம் வேண்டுமென்றால் நல்ல ஸ்கேன் எடுத்து அதே அளவில் பிரின்ட் போட்டு மாட்டுங்கள். வெயில் பட்டு வண்ணம் வெளுத்தாலும் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். அட்டை கிழிந்ததற்கு அமிலமில்லாத தாளில் ஓர் உறை செய்து புத்தகத்தை அதற்குள் வையுங்கள். பைண்டரிடம் கொடுத்தால் ஓரத்தை வெட்டிச் சமன் செய்வார். கொடுக்காதீர்கள்.

கேட்லாக்குகளையும் 1920-களின் பேனாக்கத்திகளையும் ஒரே டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். தாள் ஓரம் பழுப்பாகிறது, கத்தியும் துருப்பிடிக்கிறது. (நாகப்பட்டினம்)

உடனே பிரித்து வையுங்கள். முத்துபோல மின்னும், ஆமை ஓடு போலத் தெரியும் பிடிகள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் செல்லுலாய்டு. அது வயதாகிக் கெடும்போது அமில வாயு விடும். அந்த வாயு முதலில் தன் அலகைத் தின்னும், பிறகு பக்கத்திலிருக்கும் கத்தியை, அப்புறம் தாளை. எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். அந்தக் கத்திகளைக் காற்றோட்டமான இடத்தில், மற்றக் கத்திகளிலிருந்தும் தள்ளியே வையுங்கள்.

பழுப்புக்கு அது மட்டும் காரணமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மரக்கூழ்த் தாள்தான். அமிலம் தாளிலேயே இருக்கிறது. கடலோர ஊரில் ஈரம் அதை வேகப்படுத்தும். பரணில் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வேண்டாம். அந்துருண்டை தாளுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. துணியில் முடிந்த வசம்பு அலமாரி மூலையில் இருக்கட்டும், பக்கங்களுக்கு நடுவே திணிக்காதீர்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி இரண்டு வாரம் டீப் ஃப்ரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள்.

செல்லோடேப் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது. இதைப் போன முறையும் எழுதினேன்.

ஆரம்பிப்பவர் முதலில் என்ன வாங்க வேண்டும்? (சிங்கப்பூர்)

ஷெஃபீல்டு என்றால் ஜெஃப்ரி ட்வீடேலின் ஷெஃபீல்டு கத்திப் புத்தகம், 1996. தொழில் எப்படி நடந்தது, யார் யாருக்குக் கூலி கொடுத்தார்கள் என்று தெரிய ஜி.ஐ.எச். லாயிட் 1913-இல் எழுதியது. 1968 மறுபதிப்பே போதும். அமெரிக்கா என்றால் ஹெரால்டு பீட்டர்சன், 1958. விலை வழிகாட்டிகளை முத்திரைகளும் வடிவங்களும் பார்க்க வாங்குங்கள், விலைக்காக வேண்டாம். நாற்பது வருடத்துக்கு முந்தைய டாலர் விலையைக் காட்டி என்னிடம் யாரும் பேரம் பேச வேண்டாம்.

நம் பக்கத்துக் கத்திகளைப் பற்றிப் பழைய புத்தகம் ஏதும் இல்லையா? (யாழ்ப்பாணம்)

இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். ஆனந்த குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல், 1908. வெள்ளிப்பூண் போட்ட கண்டிக் கத்திகளைத் தேடுபவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான். வில்லியம் மோரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் இருந்த அதே அச்சு இயந்திரத்தில் அடித்தார்கள், 425 பிரதி மட்டும். அது நமக்கு எட்டாது. 1956-இல் வந்த இரண்டாம் பதிப்பைத் தேடுங்கள். இந்தியாவுக்கு, எகர்ட்டன் 1880-இல் தொகுத்த ஆயுதக் கையேடு; 1896-இல் விரித்து மறுபடி வந்தது. தென்னிந்தியாவுக்கு ராபர்ட் எல்குட் 2004-இல் எழுதியது. முதல் இரண்டுக்கும் மறுபதிப்புகள் உண்டு. ஆகவே, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம்!

எல்லாம்தான் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறதே, எதற்குக் காசு கொடுத்துக் காகிதம் வாங்க வேண்டும்? (துபாய்)

வேண்டாம். படிக்க மட்டும்தான் என்றால் பி.டி.எஃப். நல்லது. கறுப்பு-வெள்ளை ஸ்கேனைப் பார்த்துவிட்டுப் பிடி கொம்பா எலும்பா என்று என்னிடம் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் 1907 கேட்லாக் கிடைத்தது. கத்திகள் பல பக்கங்களுக்கு இருக்கின்றன. அசலா? (குன்னூர்)

அந்தக் கடைக்குப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை இருந்தது. மலை பங்களாவில் அசலே கிடைப்பது நடக்காத காரியமல்ல. ஆனால் இதே 1907 கேட்லாக் 1969-இல் இங்கிலாந்தில் மறுபதிப்பாக வந்தது. அதில் பழைய காலத்துக் கடைச்சாமான் என்கிற பொருளில் புதுத் தலைப்பு ஒன்று வைத்திருப்பார்கள். உங்கள் பிரதியில் அது இருந்தால் வயது ஐம்பது சொச்சம்தான். அமெரிக்கத் தபால் வழிக் கடையான சியர்ஸ் ரோபக்கின் 1897, 1902, 1908 கேட்லாக் வைத்திருப்பதாக எழுதிய மூவருக்கும் இதே பதில். மூன்றுமே 1960-களின் கடைசியில் மறுபதிப்பாகக் குவிந்தவை.

பிரெஞ்சு தெரியாது. காமிய் பாஜேயின் கத்தித் தொழில் வரலாறு வாங்கிப் பயன் உண்டா? (புதுச்சேரி)

உண்டு, படங்களுக்காகவே. பிரான்சின் ஷாத்தெல்ரோ நகரில் 1896 முதல் 1904 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒற்றைத் தொகுதி மலிவாகக் கிடைத்தால் மயங்க வேண்டாம், மற்ற ஐந்தைத் தேடி அலைய வேண்டிவரும். முழுத் தொகுதியென்று விற்பவரிடமும், படத்தாள்கள் எத்தனை, எல்லாம் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு பணம் அனுப்புங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்?