எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் சுருக்கக் கட்டளைகள் கிடைக்காதது பற்றி

வணக்கம் நண்பரே. திருப்பூர் அலுவலகக் கணினியில் இயங்கும் சுருக்கக் கட்டளைகள் (நீண்ட கட்டளைகளுக்கு நாமே வைக்கும் சிறு பெயர்கள்), அவற்றை எழுதிவைத்த அதே பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்ட பின்னும், பெருந்துறை வீட்டிலுள்ள உபுண்டு லினக்ஸ் கணினியில், தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) வழியாக நுழையும்போது மட்டும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிழை அந்தக் கோப்பில் இல்லை. அவ்வாறு நுழையும்போது நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் நிரலான பாஷ் (ஷெல் என்ற வகை), பயனர் உள்நுழைவுக்கான லாகின் ஷெல்லாகத் தொடங்குவதால், பாஷ்ஆர்சியைத் தானாகப் படிக்காது. பாஷ்_புரொஃபைல் (.bash_profile), பாஷ்_லாகின் (.bash_login), புரொஃபைல் (.profile) என்ற தொடக்கக் கோப்புகளில் இதே வரிசையில் முதலில் கிடைப்பதை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். உபுண்டு தரும் புரொஃபைலில் பாஷ்ஆர்சியை அழைக்கும் வரி உண்டு. ஆனால் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவியபோது உருவானதாக நீங்கள் காட்டிய அந்த 3 வரிப் பாஷ்_புரொஃபைல், அந்தப் புரொஃபைலைப் படிக்கவிடாமல் செய்துவிட்டது. அந்த வரிகளைப் புரொஃபைலின் இறுதியில் சேர்த்துவிட்டு அக்கோப்பை நீக்குங்கள்.

பென்டிரைவையும் விட்டுவிடுங்கள். கோவையில் நானும் 2 ஆண்டுகள் அப்படித்தான் அலைந்து, எது புதியது என்று தெரியாமல் பழையதைப் புதியதன்மேல் எழுதித் தொலைத்திருக்கிறேன். இந்த அமைப்புக் கோப்புகளை ஒரே கோப்புறையில், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின்கீழ் வைத்து, பயனருக்குரிய ஹோம் கோப்புறையில் அவற்றுக்குச் சிம்லிங்க் (உண்மைக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) மட்டும் போடுங்கள். கணினிக்குக் கணினி மாறும் பாதைகளைக் கிட்டுக்கு வெளியே தனிக் கோப்பில் எழுதி, அது இருந்தால் மட்டும் பாஷ்ஆர்சி படிக்கும்படி செய்யுங்கள். எஸ்எஸ்எச் பிரைவேட் கீயை (நுழைவுக்கான இரகசியச் சாவிக் கோப்பை) தவறியும் கிட்டுக்குள் சேர்க்க வேண்டாம். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டுகளில் (கிட் சேமித்த பதிவுகளில்) அது அப்படியே இருக்கும்.