ஓடர் பங்களாதேஷுக்குப் போகிறதா? சம்பளத்தில் கை வைக்குமுன் நிமிடக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 30 மெஷின் வைத்து, கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குக் கூலிக்கு ரீசேர்ட் தைத்துக் கொடுக்கிறோம். ஹெல்பர், கியூ.சி எல்லாம் சேர்த்து 40 பேர். "பங்களாதேஷில் மலிவாக முடிகிறது" என்று ஓடரைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். தொழில் எல்லாம் ஏன் மலிவான நாட்டுக்கே போகிறது? பிள்ளைகளின் சம்பளத்தை 10% குறைத்தால் ஓடர் திரும்பி வருமா?

பதில்: வராது. இருக்கிற நல்ல ஒபரேட்டர்களையும் இழப்பீர்கள். காரணத்தைக் கணக்கோடு பார்ப்போம்.

பங்களாதேஷ் ஆடைத் தொழிலில் சட்டப்படியான ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து 12,500 டாக்கா. இலங்கையின் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். இரண்டையும் டொலருக்கு மாற்றினால் ஏறக்குறைய 100 டொலர்தான். இங்கே கைக்குக் கிடைப்பது அதைவிடக் கூட என்பது உண்மை. ஆனாலும் ஓடர் கடல் தாண்டுவதற்கு அந்த இடைவெளி மட்டும் போதாது. வெறும் சம்பளந்தான் காரணம் என்றால் ஆடைத் தொழில் முழுவதும் இன்றைக்கு எத்தியோப்பியாவில் இருக்க வேண்டும். அங்கே 2016இல் திறந்த ஹவாசா தொழிற்பேட்டையில் அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 26 டொலராகத்தான் இருந்தது. ஆட்கள் நிலைக்கவில்லை, உற்பத்தியும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்கா தீர்வைச் சலுகையையும் நிறுத்தியது. பெரிய வாங்குநர்கள் வெளியேறினார்கள்.

வாங்குநர் பார்ப்பது ஒரு துண்டு தன் கடைக்கு வந்து சேரும் மொத்த விலையை. ரீசேர்ட் ஒன்றின் ஏற்றுமதி விலையில் பாதிக்கு மேல் துணிக்கே போய்விடும். பங்களாதேஷில் நூல் நூற்பது, துணி பின்னுவது, சாயம் போடுவது எல்லாம் உள்ளூரிலேயே பெருமளவில் நடக்கின்றன. நமக்கோ துணியில் பெரும்பகுதி கப்பலில் வரவேண்டும். அதற்குப் பணமும் போகிறது, நாட்களும் போகின்றன.

அடுத்தது தீர்வை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரீசேர்ட்டுக்குச் சாதாரண இறக்குமதித் தீர்வை 12%. மிகப் பின்தங்கிய நாடு என்ற வகையில் பங்களாதேஷுக்கு அது பூச்சியம். எந்த நாட்டுத் துணியைத் தைத்தாலும் சலுகை உண்டு. நமக்கு ஜீ.எஸ்.பி பிளஸ் என்ற ஐரோப்பியத் தீர்வைச் சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதன் பொதுவிதிப்படி துணியாக்குவது, தைப்பது என்ற இரண்டு கட்டங்களும் இங்கே நடந்திருக்க வேண்டும். சீனத் துணியை வாங்கி இங்கே தைத்தால் மட்டும் சலுகை கிடைக்காது. 12% என்பது உங்கள் தையற்கூலியின் பெரும்பங்கையே விழுங்கிவிடும் தொகை. நீங்கள் 10% சம்பளத்தைக் குறைத்து அதை ஈடுகட்ட முடியாது.

எல்லாத் தொழிலும் இப்படி ஓடிவிடுவதும் இல்லை. சீனன்குடாப் பக்கம் பிறீமா மாவாலையும் டோக்கியோ சிமெந்து ஆலையும் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன. கோதுமையும் கிளிங்கரும் (சிமெந்தின் மூலப்பொருள்) பாரமானவை, கிலோ விலை குறைந்தவை. ஆழமான துறைமுகத்தில் பெரிய கப்பல் வந்து இறக்குவதில்தான் அவற்றின் இலாபம். அந்தத் துறைமுகத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரீசேர்ட்டோ 40 அடிக் கொள்கலன் ஒன்றில் 30,000க்கு மேல் அடங்கும். கொள்கலனுக்கு 2,000 டொலர் கப்பற்கூலி என்று வைத்தாலும் ஒரு துண்டுக்கு 7 அமெரிக்கச் சதத்தைத் தாண்டாது. மெஷினும் லொறியில் ஏற்றக்கூடியது. அதனால் ஆடைத் தொழில்தான் முதலில் நகரும். 1979இல் கொரியாவின் தேவூ நிறுவனம் பங்களாதேஷின் தேஷ் நிறுவனத்தின் 130 பேரைப் புசானுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தபோது, கூலியைவிடப் பெரிய காரணமாக இருந்தது கோட்டா. கொரியாவிலிருந்து மேற்கு நாடுகளுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருந்தது, பங்களாதேஷுக்கு அது இல்லை. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்த பிறகு கட்டுநாயக்கவுக்குத் தொழிற்சாலைகள் வந்ததற்கும் கோட்டா ஒரு காரணம். 2005 ஜனவரி 1இல் அந்த முறை ஒழிந்ததும், வாங்குநர் தனக்கு வசதியான இடத்தில் மொத்தமாகத் தைக்கத் தொடங்கினார்.

இனி உங்கள் கணக்கு. கீழே உள்ளவை மாதிரி எண்கள். உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். 40 பேருக்குச் சராசரி 38,000 ரூபாய் என்றால் 15,20,000. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12%, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3%, சேர்த்தால் 17,48,000. வாடகை, மின்சாரம், ஊசி, ரிப்பேர், தேநீர், போக்குவரத்து 4,52,000. ஆக மாதம் 22,00,000.

ஒபரேட்டர் 30 பேர், 25 நாள், நாளுக்கு 480 நிமிடம்: 3,60,000 நிமிடம். வருகை 90% என்றால் 3,24,000. லைனின் திறன் 45% என்றால் உண்மையில் துணியாக மாறியது 1,45,800 நிமிடம். 22 இலட்சத்தை இதனால் வகுத்தால் நிமிடத்துக்கு 15.09 ரூபாய். எஸ்.எம்.வி, அதாவது ஒரு துண்டைத் தைக்கக் கணக்கிட்ட நேரம், 8 நிமிடமுள்ள ரீசேர்ட்டுக்கு 121 ரூபாய் செலவு.

சம்பளத்தை 10% குறைத்தால் நிமிடச் செலவு 13.89, துண்டுக்கு 111. பத்து ரூபாய் மிச்சம்போலத் தெரியும். ஆனால் கைதேர்ந்த நாலைந்து பேர் விலகி, புதியவர்கள் உட்கார்ந்து, திறன் 40%க்கு இறங்கினாலே துண்டு 125 ரூபாய். பழைய செலவைவிடக் கூட. மாறாக, சம்பளத்தைத் தொடாமல் திறனை 55%க்கு உயர்த்தினால் 99 ரூபாய். (அடிப்படைச் சம்பளத்தை ஒருதலையாகக் குறைத்தால் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடும் போகலாம்.)

திறன் எங்கே கசிகிறது என்று அறிய ஒரு நிறுத்துக் கடிகாரம் போதும். ஒவ்வொரு வேலையையும், தோள் பொருத்துவது, கழுத்து றிப், கை பொருத்துவது, பக்கத் தையல், அடி மடிப்பு என, தனித்தனியாகப் பத்துத் தடவை அளந்து பாருங்கள். நூல் அறுந்த தடவையை விட்டுவிட்டுச் சராசரி எடுத்து, களைப்புக்கும் சிறு தடங்கலுக்கும் 15% சேருங்கள். 12 பேர் லைனில் 8 நிமிடத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு 40 செக்கன், மணிக்கு 90 துண்டு வரவேண்டும். கை பொருத்துபவருக்கு 60 செக்கன் எடுத்தால் மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் மணிக்கு 60தான் வரும். அந்த இடத்துக்கு இரண்டாவது ஓவர்லொக் போடுங்கள், அல்லது 30 செக்கனில் முடிப்பவருக்கு அதில் ஒரு பகுதியைக் கொடுங்கள். லைன் முழுவதையும் சத்தம்போட்டு விரட்டுவதால் பண்டில்கள் அவர் முன்னால் குவியும், அவ்வளவுதான்.

அடுத்து, திரும்பத் தைக்கும் துண்டுகள். இறுதிச் சோதனையில் பிடிப்பதைவிட, கழுத்துத் தையல் முடிந்த இடத்திலேயே மணிக்கு ஏழு துண்டு எடுத்துப் பாருங்கள். கடற்காற்றில் ஊசியும் ஊசித்தட்டும் துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கறை விழுவதும் நம் ஊரில் அடிக்கடி நடப்பது. மாலையில் துடைத்து, எண்ணெய் விட்டு, மூடி வைப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காலையில் முதல் தையலைக் கழிவுத் துணியில் ஓட்ட வேண்டும்.

ஸ்டைல் மாற்றத்துக்குத் தனிக் கணக்குப் போடுங்கள். உங்கள் பட்டறையின் ஒரு நாள் செலவு 88,000. புது ஸ்டைல் ஏறும்போது அரை நாள் வீணானால் 44,000. 5,000 துண்டு ஓடரில் அது துண்டுக்கு 8.80 ரூபாய், 500 துண்டில் 88 ரூபாய். பெரிய ஓடரின் விலைக்குச் சின்ன ஓடர் எடுத்து நட்டப்படுவதுதான் சிறு பட்டறைகள் மூடப்படுவதற்கு முக்கிய காரணம் என்பது எங்கள் மதிப்பீடு. 260 கிலோமீற்றர் அளவு தூரத்திலுள்ள கொழும்புக்குப் போய்வரும் லொறியும் அப்படியே. வாடகை 70,000 என்றால் 2,000 துண்டுக்கு 35 ரூபாய், 6,000க்கு 12 ரூபாய்கூட இல்லை. அரை லொறி ஏற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஓடர் இல்லாமல் லைன் நின்றால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் குலையும். சும்மா இருந்த நாட்களின் செலவை அடுத்த ஓடரின் விலையில் ஏற்றினால் அந்த ஓடரும் போய்விடும். விலையை ஓடுகிற லைனின் செலவில் சொல்லுங்கள். வெற்று நாட்களை வேறு வேலையால் நிரப்புங்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களின் ஊழியர் சீருடை, ஏப்ரன், தலையணை உறை, விளையாட்டுக் கழகங்களின் ஜேர்சி எல்லாம் 50, 200 என்ற எண்ணிக்கையில், பத்து நாளுக்குள் வேண்டும் என்று வருபவை. அளவு பிழைத்தால் அடுத்த நாள் திருத்திக் கொடுக்க வேண்டும். இதை டாக்காவிலிருந்து யாரும் செய்யப்போவதில்லை. உங்கள் கையில் 12 மெஷினை இதற்கென்று பிரித்து வைப்பது நல்லது.

கொழும்பு நிறுவனத்திடம் போகும்போது விலையைக் குறைக்கிறோம் என்று தொடங்க வேண்டாம். முதலில், துணி எங்கே நெய்தது, சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேளுங்கள். உள்ளூர்ப் பின்னல் துணியில் ஐரோப்பாவுக்குப் போகும் ஸ்டைல் என்றால் ஜீ.எஸ்.பி பிளஸ் கிடைக்க வழி உண்டு. அந்த வகை ஓடரைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, கடைசி மூன்று மாத நாள் உற்பத்தி, திரும்பத் தைத்த விகிதம், சொன்ன திகதிக்குக் கொடுத்த ஓடர்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு ஸ்டைலுக்கு 3,000 துண்டுக்குக் குறையாமல், ஒரே வகை மூன்று மாதம் தொடர்ந்து தந்தால் எந்த விலைக்கு இறங்கலாம் என்பதை நிமிடக் கணக்கோடு அதன் கீழே எழுதுங்கள்.