கத்தி ஆடுகிறது, வாரண்டி உண்டா?

(மடக்குக் கத்தி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சாணை பிடிப்பதும் கத்தி பழுது பார்ப்பதுமே தொழிலாகக் கொண்ட இந்தப் பகுதியை எழுதுபவர் பதில் சொல்கிறார்.)

புது மடக்குக் கத்தி வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. விரித்துப் பிடித்தால் பிளேடு லேசாக ஆடுகிறது. விற்றவர் "எல்லாக் கத்தியும் இப்படித்தான்" என்கிறார். திருப்பிக் கொடுக்கலாமா?

எந்தப் பக்கம் ஆடுகிறது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! விஷயமே அதில்தான் இருக்கிறது. கத்தியை முழுசாக விரியுங்கள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் பிடியை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் பிளேடின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். இப்படி ஆடினால் பெரும்பாலும் கீல் திருகு தளர்ந்திருக்கும். டார்க்ஸ் என்ற நட்சத்திர முனைத் திருப்புளியால் (பெரும்பாலும் டி8 அளவு) ஒரு துளி திருகினால் நின்றுவிடும். கால் சுற்றே அதிகம். அதற்கு மேல் போனால் பிளேடு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். திருகு இல்லாமல் ரிவெட் அடித்த கத்தி என்றால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள், அதாவது பிளேடு மடங்குகிற திசையில். அங்கே 'டிக் டிக்' என்று தட்டினால் எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது. அது பூட்டின் குறை. லைனர் லாக் கத்தியை எடுத்துக்கொள்வோம். பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வில் மாதிரி வளைந்து நிற்கும். பிளேடு விரிந்ததும் அது உள்ளே பாய்ந்து, பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். முட்டுகிற இரண்டு முகங்களும் ஒரே சரிவில் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். சரிவு கொஞ்சம் மாறினாலும் இடைவெளி விழும், அல்லது அழுத்தும்போது தகடு வழுக்கும். இது தொழிற்சாலையில் நடந்த தப்பு. நான்கு நாளில் நீங்கள் உண்டாக்கியது இல்லை. தைரியமாகக் கேளுங்கள்.

கையோடு இன்னொன்றும் பாருங்கள். அந்தத் தகடு பிளேடின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது? மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை என்றால் நல்லது. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் விரலுக்கு ஆபத்து. புதுசிலேயே எதிர்ப்பக்கத் தகடு வரை போய் ஒட்டிக்கொண்டிருந்தால் இனித் தேய்மானத்துக்கு இடமில்லை. இதையெல்லாம் வாங்கிய அன்றே, ஒரு கயிறு கூட அறுக்காமல், சாணை பிடிக்காமல் பாருங்கள். கீறல் விழுந்த பிறகு அனுப்பினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஆனால் பூட்டைச் சோதிக்கிறேன் என்று கத்தியின் முதுகை மேஜையில் ஓங்கி அடிக்காதீர்கள். நல்ல பூட்டையும் அது கெடுத்துவிடும்.

அனுப்புவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். முதுகுப் பூட்டு வைத்த என் சொந்தக் கத்தி ஒருமுறை பூட்டு விழாமல் மக்கர் பண்ணியது. கோபத்தோடு கம்பெனிக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது கூடவே ஒரு குட்டி உறை. அதற்குள் பூட்டுப் பள்ளத்திலிருந்து நோண்டி எடுத்த பஞ்சுருண்டை. என் கால்சட்டைப் பையின் நூலேதான், நிறம் கூட மாறவில்லை. ஒரு பல்குத்தும் குச்சி போதும், வேலை முடிந்திருக்கும்.

'வாழ்நாள் உத்தரவாதம்' என்கிறார்களே, யாருடைய வாழ்நாள்?

நல்ல கேள்வி. முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று சில கம்பெனிகள் போட்டிருக்கும், அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். விக்டோரினாக்ஸ், பக் போன்ற பழைய பெயர்களும் வாழ்நாள் முழுக்கப் பொறுப்பேற்பது உலோகத்தின் குறைக்கும் செய்நேர்த்தியின் குறைக்கும்தான். தேய்மானம், தவறான உபயோகம் இரண்டும் அதில் சேராது. ஸ்ப்ரிங் தானாக ஒடிந்தால் அவர்கள் பொறுப்பு. கூர் மழுங்கினால் நம் பொறுப்பு. துருவும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். ஸ்டெயின்லெஸ் என்பது துருவே பிடிக்காத எஃகு இல்லை, லேசில் பிடிக்காத எஃகு.

பழுது பார்ப்பதா, வேறு கத்தி தருவதா என்பதையும் பொதுவாக அவர்களே முடிவுசெய்வார்கள். அப்பா தந்த கத்தி என்றால் 'இதே கத்திதான் திரும்பி வேண்டும்' என்று எழுதி உள்ளே வையுங்கள். என்னைக் கேட்டால் 'வாழ்நாள்' என்ற சொல்லைவிட, திருகையும் பையில் மாட்டும் கிளிப்பையும் தனியாகத் தருகிறார்களா என்றுதான் முதலில் விசாரிப்பேன்.

மடக்கினால் பிளேடு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

பிடியில் உரசுகிறதா? இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத்தான் உறுத்தல், வேலைக்கு இல்லை. உரசினால் கீல் திருகைக் கொஞ்சம் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். அப்படியும் உரசினால் அனுப்புங்கள்.

ராக்வெல் 60 என்று பெட்டியில் போட்டிருந்தது. இரண்டு அட்டைப்பெட்டி வெட்டியதுமே மழுங்கிவிட்டது. ஏமாற்றா?

அவசரப்படாதீர்கள். ராக்வெல் என்பது எஃகின் கடினத்தைச் சொல்லும் எண், அது பிளேடின் உடம்பில் அளந்தது. கூர் என்பது முடியை விட மெல்லிய ஓரம். தொழிற்சாலையில் வேகமாக ஓடும் பெல்ட்டில் தீட்டும்போது அந்த ஓரம் மட்டும் சூடேறிப் பதம் இறங்கிவிடலாம். தண்ணீர் விட்ட கல்லில் நிதானமாக இரண்டு மூன்று தடவை தீட்டுங்கள். கெட்ட ஓரம் போய், உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும். முதல் தீட்டலிலேயே கத்தியின் குணம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தீட்டியபின் பிசிறை எடுக்க மறந்தாலும் இப்படித்தான் சீக்கிரம் மழுங்கும். மூன்று தடவைக்கு அப்புறமும் அதே கதை என்றால் எஃகுக்குப் பதம் சரியாக ஏறவில்லை என்று எழுதிக் கேளுங்கள்.

டப்பா மூடியை நெம்பியதில் முனை ஒடிந்துவிட்டது. மாற்றித் தருவார்களா?

மாட்டார்கள். நெம்பியதை மறைத்துச் சொன்னாலும் பயனில்லை. ஒடிந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கத்தி வீணாகிவிடவில்லை. சாணைக்காரரிடம் கொடுக்கும்போது முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்துப் புது முனை எடுக்கச் சொல்லுங்கள். கூர் பக்கத்திலிருந்து தேய்த்தால் முனை மேலே ஏறிவிடும். மடக்கிய பிறகும் பிடிக்கு வெளியே தலைநீட்டி, பைக்குள் விடும் கையைக் குத்தும்.