டுக்கடாமின் வலது கை

அன்புள்ள சார்,

பெனால்டி பற்றிய குறிப்பில் ருமேனிய கோல்கீப்பர் ஹெல்முட் டுக்கடாமை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் அவர் கதையைச் சொல்வார். 1986 ஐரோப்பியக் கோப்பை கால்பந்து இறுதியாட்டத்தில் பார்சிலோனாவைத் தோற்கடித்ததற்காக அவருக்கு மெர்சிடிஸ் கார் ஒன்று பரிசாக வந்ததாம். அதை ருமேனியச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் மகன் கேட்டு, இவர் தர மறுத்ததால் ஆள் வைத்து விரல்களை உடைத்துவிட்டார்களாம். உண்மையா? அவ்வளவு பெரிய கீப்பர் ஏன் பயிற்சியாளராகவில்லை?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் சீனியர் மேல் தப்பில்லை, அந்தக் கதை உலகம் முழுக்கச் சுற்றியது. கார் கொடுத்தது ஸ்பெயின் அரசர் என்பார்கள், பார்சிலோனா தோற்ற சந்தோஷத்தில் ரியல் மாட்ரிட்காரர்கள் கொடுத்தது என்பார்கள். டுக்கடாமே அதைப் பலமுறை மறுத்திருக்கிறார்.

நடந்தது வேறு. அந்த ஆண்டு கோடையிலேயே அவருடைய வலது கை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அப்போது வயது 27. கோப்பையை வென்ற ஸ்டெயுவா புகாரெஸ்ட் அணிக்கு அவர் பிறகு ஆடவே இல்லை. 1987 பிப்ரவரியில் ஸ்டெயுவா வீரர் ஹாஜி அடித்த ஒரே கோலில் ஸ்டெயுவா ஐரோப்பிய சூப்பர் கோப்பையை வென்றபோது கோலுக்கு முன்னால் நின்றவர் வேறொருவர்.

யோசித்துப் பாருங்கள். ஸ்டெயுவா ராணுவத்தின் கிளப். சௌசெஸ்குவின் மூத்த மகன் வலென்டின் அதற்குப் புரவலர் மாதிரி. அரசு விரும்பாத எதுவும் பத்திரிகையில் வராத நாடு. நேற்றுவரை எல்லோரும் கொண்டாடிய ஆள் திடீரென்று மைதானத்தில் இல்லை என்றால் ஜனங்கள் என்ன பேசுவார்கள்? ரத்தக் கட்டி என்றால் யார் நம்புவார்கள்? அந்த ஆட்சி அப்படி ஒரு காரியத்தைச் செய்யக்கூடியதுதான் என்று எல்லோருக்கும் தோன்றியது. வதந்திக்கு அது போதும்.

சரி, அந்த இரவுக்கு வருவோம். 1986 மே 7, செவில் நகரம், சான்செஸ் பிஸ்ஹுவான் மைதானம். ஆட்டம் ஸ்பெயினிலேயே நடந்ததால் கூட்டம் ஏறக்குறைய முழுக்க பார்சிலோனாவுடையது. அந்தக் கிளப் அதுவரை ஐரோப்பியக் கோப்பையை வென்றதில்லை, அன்று வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்கள். 120 நிமிடமும் கோல் விழவில்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் ஸ்டெயுவாவின் முதல் இரண்டு உதைகளையும் பார்சிலோனா கீப்பர் உர்ருட்டி பிடித்துவிட்டார். (இதை யாரும் சொல்வதில்லை. அன்று இரண்டு பெனால்டி தடுத்த மனிதரை அடுத்த நாளே மறந்துவிட்டார்கள். 2001-இல் கார் விபத்தில் போய்விட்டார்.)

டுக்கடாம் பார்சிலோனாவின் அலெசான்கோ உதைத்ததைத் தன் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். அடுத்து பெட்ராஸா. ‘இவன் இப்போது பக்கம் மாறுவான்’ என்றுதான் உதைப்பவர் நினைப்பார் என்று கணக்குப் போட்டு மறுபடியும் வலது. மூன்றாவது பிச்சி அலோன்சோ, அப்போதும் வலது. நடுவில் லக்கடுஷ் ஒன்று, பாலின்ட் ஒன்று என ஸ்டெயுவா இரண்டு கோல் போட்டுவிட்டது. நான்காவதாக மார்கோஸ் வந்தபோது டுக்கடாம் இடப்பக்கம் பாய்ந்தார். பந்தும் அங்கேதான் வந்தது. 2-0. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு கிளப் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று முறை ஒரே பக்கம் பாய்வதற்குக் கொஞ்சம் திமிர் வேண்டும்.

பயிற்சியாளர் கேள்வி நல்ல கேள்வி. கீப்பர்களுக்குப் பெரும்பாலும் கோல்கீப்பிங் பயிற்சியாளர் வேலைதான் கிடைக்கும், இத்தாலியின் டினோ ஸோஃப் மாதிரி தேசிய அணியையே நடத்தியவர்கள் குறைவு. ருமேனியாவிலும் 91 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய போக்தான் ஸ்டெலியா போன்றவர்கள் பிற்பாடு பயிற்சிக்கு வந்தார்கள். டுக்கடாம் நாட்டுக்காக ஆடியது வெறும் 2 ஆட்டம்.

அவர் போன வழி தனி. அராட் மாவட்டத்தில் செம்லாக் என்ற ஊர்க்காரர், ருமேனியாவின் ஜெர்மானியச் சிறுபான்மையில் பிறந்தவர். அறுவை சிகிச்சைக்கு மூன்று வருடம் கழித்து, அதே கையோடு, 1989-இல் வாகோனுல் அராட் என்ற இரண்டாம் டிவிஷன் அணிக்கு ஆட வந்தார். பின்பு சொந்த ஊரில் எல்லைக் காவல் அதிகாரி. 2003-இல் கிரீன் கார்டு குலுக்கலில் பெயர் விழுந்து குடும்பத்தோடு அமெரிக்கா போனார், பிறகு திரும்பி வந்தார். 2010-இல் ஸ்டெயுவா அவரைத் தலைவராக்கியது. 2024 டிசம்பர் 2 அன்று, 65 வயதில் காலமானார்.

விரல் உடைந்த கதையை அடுத்த முறை யாராவது சொன்னால், அந்த இரண்டாம் டிவிஷன் சமாசாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு அதுதான் செவிலைவிடப் பிடித்த பகுதி.