வாசகர் கேள்வி பதில்: முட்டளவு கடல்ல நின்னு மீன் புடிக்க என்ன போடறது?

கே: அண்ணே, எங்க சித்தப்பா பையன் சீஷெல்ஸ்ல மாஹேல இருக்கான், நவம்பர்ல அல்ஃபான்ஸ் தீவுக்கு ஃப்ளை ஃபிஷிங், அதான் இறகு நூல்ல செஞ்ச போலி இரைய வீசி மீன் புடிக்கறது, அதுக்கு கூட்டிட்டு போறேங்கறான். நான் பனியன் கம்பெனில இருக்கறவன், வெயிலுக்கு காட்டனை அடிச்சிக்க ஆளில்லன்னு ஊருக்கே சொல்றவன், அவன் என்னடான்னா பாலியெஸ்டர்ல முழுக்கை சட்டை வாங்கிட்டு வாங்கறான். யார் சொல்றது சரி? – வாசகர், திருப்பூர்

ப: டிக்கெட் போட்டு கூட்டிட்டு போக எனக்கு அப்படி ஒரு சித்தப்பா பையன் இல்லாம போய்ட்டானே! தம்பி, தொழிலை குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, இதுல அவன்தான் சரி. காட்டன் ரோட்டுல நடக்க நல்லது, வேர்வைய இழுத்து காயவிட்டு குளுகுளுன்னு வச்சிருக்கும். ஆனா ஃப்ளாட்ஸ்ங்கறது என்ன, கணுக்கால்ல இருந்து தொடை வரைக்கும் தண்ணி நிக்கிற வெள்ளை மணல்திட்டு, காலைல இறங்கினா சாயந்திரம் வரைக்கும் நீங்க நனைஞ்சுட்டேதான் இருப்பீங்க, காட்டன் தண்ணிய குடிச்சிட்டு உடம்போட ஒட்டிக்கும், காயவே காயாது, அப்புறம் படகு வேகமா போறப்ப அந்த காத்துல அந்த ஊர்லயும் பல்லு நடுங்கும்.

இன்னொண்ணு, அல்ஃபான்ஸ் பூமத்திய ரேகைக்கு தெற்கே வெறும் 7 டிகிரில இருக்கு. வெயில் மேல இருந்தும் வரும், தண்ணில மணல்ல பட்டு கீழ இருந்தும் வரும், தாடைக்கு அடில மூக்குக்கு அடில எல்லாம் வெந்து போறது அதனாலதான். துணி புற ஊதா கதிர எவ்ளோ தடுக்கும்னு சொல்ற எண்ணுதான் யூபிஎஃப், சாதா வெள்ளை டீ-ஷர்ட்டுக்கு அது 5லேந்து 7 கிட்ட, நனைஞ்சா இன்னும் இறங்கிடும். 50ன்னு லேபிள் போட்ட சட்டைன்னா புற ஊதா கதிர்ல 50ல ஒரு பங்குதான் உள்ள வரும். அதனால லூசா, ஹுட் வச்சது, கட்டைவிரல் நுழைக்க ஓட்டை இருக்கறதா பாத்து எடுங்க. கழுத்துக்கு பஃப்னு குழா மாதிரி மாட்டிக்கற துணி, கைக்கு விரல்நுனி திறந்த க்ளவ்ஸ். சட்டைல பாக்கெட்டும் ஃப்ளாப்பும் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது, ஏன்னா மீன் வந்து நிக்கிற அந்த ஒரு நிமிஷத்துலதான் தூண்டில் லைன் போய் பட்டன்ல மாட்டும், எல்லாருக்கும் நடக்கும்.

பேன்ட்டும் முழு நீளம், லேசான நைலான். ஜீன்ஸ் வேணவே வேணாம், உப்புத்தண்ணில தொடை உரசி மறுநாள் நீங்க நடக்கற நடைய பாத்து சித்தப்பா பையன் சிரிப்பான். நம்பலன்னா வீட்லயே பாருங்க, ரெண்டு சட்டையையும் நனைச்சு ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டு மொட்டை மாடில அரைமணி நேரம் நில்லுங்க.

கே: அண்ணை, நாங்கள் டொரொன்டோவில இருந்து மார்ச்சில பெலீஸ் போறம், வாற வழியில ஜமைக்காவிலயும் நாலு நாள் நிக்கிறம். ஆமிக்காரர் போடுற மாதிரி கேமோ உடுப்பு போட்டால் மீனுக்கு எங்களைத் தெரியாதாம், உண்மையோ? – வாசகி, ஸ்கார்பரோ

ப: அதை பெட்டிலயே வைக்காதீங்கம்மா. ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட் இங்கெல்லாம் பொதுமக்கள் கேமோ போடறது சட்டப்படி குத்தம், பச்சைக் குழந்தைக்கு போட்டு விட்டாலும் வம்புதான்.

மீன் விஷயத்துக்கு வருவோம். தண்ணிக்குள்ள இருந்து மேல பாக்கற மீனுக்கு சுமார் 97 டிகிரி அகலத்துல ஒரு வட்ட ஜன்னல் மாதிரிதான் வெளி உலகம் தெரியும், வெளில இருக்கற மொத்தமும் அதுக்குள்ள நசுங்கி தெரியும், தாழ்வா இருக்கறது ஓரத்துல ஒண்டிக்கும். அப்போ அதுக்கு தெளிவா தெரியறது உங்க தலையும் தோளும் ஆடற கையும்தான், அதுக்குப் பின்னாடி இருக்கறது ஆகாயம். அதனால வெளிர் நீலம், சாம்பல், வெளிர் பச்சை எடுங்க, பளீர் சிவப்பு மஞ்சள் வேணாம். ஆனா என்னைக் கேட்டா கலர் ரெண்டாம்பட்சம், நீங்க சளக் சளக்னு நடந்தாலோ நிழல் மீன் மேல விழுந்தாலோ எந்த கலர் போட்டும் போன்ஃபிஷ், அதான் ஃப்ளாட்ஸ்ல நீங்க தேடிப் போற மீன், நிக்காது.

கே: எங்க ஊர்ல வெறுங்கால்லயே கடல்ல இறங்குறோம், மாலத்தீவு போனா மட்டும் எதுக்குண்ணே தனி பூட்ஸ்? ரப்பர் செருப்பு பத்தாதா? – வாசகர், தூத்துக்குடி

ப: செருப்பு மொத சேத்துலயே கழண்டு தனியா போயிரும். அங்க பவளம் பிளேடு மாதிரி, நடுநடுல கடல் முள்ளெலி, அதோட கல்லுன்னு நினைச்சு மிதிக்கற ஸ்டோன்ஃபிஷ். அதோட முதுகு முள் மெல்லிசு ரப்பர தாண்டி ஏறிடும். கெட்டியான அடிப்பாகம், கணுக்காலுக்கு மேல வர்ற பூட்ஸ், உள்ள மணல் போகாம இருக்க உறை, உரசாம இருக்க கொஞ்சம் தடிச்ச சாக்ஸ், லேஸ் முடிச்ச உள்ள சொருகிடுங்க, அங்கயும் லைன் மாட்டும். மணல்ல காலை தூக்கி வைக்காம தேய்ச்சு தேய்ச்சு நடங்க, திருக்கை தானா விலகி போயிரும், மேல மிதிச்சாதான் வாலால போடும். மீறி குத்திடுச்சுன்னா பொறுக்கற சூட்டுல, 45 டிகிரிக்கு மேல போகாம, வெந்நில காலை வச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட போங்க. வெறுங்கால் பெருமையெல்லாம் ஊரோட இருக்கட்டும் தம்பி.

கே: பட்ஜெட் கம்மி, ஒரே ஒரு நல்ல சாமான்தான் வாங்க முடியும்னா எது? – வாசகர், மதுரை

ப: கண்ணாடி, போலரைஸ்டு. அது இல்லாட்டி தண்ணி மேல பளபளப்புதான் தெரியும், மீன் தெரியாது, மீன் தெரியாட்டி ஃப்ளாட்ஸ்ல நின்னு என்ன பண்றது? ஆழம் கம்மியான இடத்துக்கு காப்பர் இல்ல ஆம்பர் கலர் லென்ஸ் எடுங்க, நீலக் கண்ணாடி ஆழ்கடலுக்கு. தொப்பிக்கு விளிம்போட அடிப்பக்கம் கருப்பா இருக்கணும், இல்லன்னா தண்ணில இருந்து வர்ற கூச்சம் அதுல பட்டு திரும்ப கண்ணுலயே அடிக்கும். கண்ணாடிக்கு மறக்காம கயிறு கட்டுங்க, என்னோட மொத கண்ணாடிய மாலத்தீவுல ஏதோ ஒரு திருக்கைதான் இப்ப மாட்டிட்டு திரியுது.