“50 வீதம் கூடுதல் விளைச்சல்”: எந்தப் போகத்தை விட?

கேள்வி: உருத்திரபுரத்தில் இரணைமடு வாய்க்கால் நீரில் 4 ஏக்கர் நெல் செய்கின்றேன். திரவப் பசளை விற்கும் முகவர் ஒருவர் தந்த துண்டுப்பிரசுரத்தில், அதை இட்ட வயல்களில் 2022/23 காலபோக விளைச்சல் முந்திய காலபோகத்தை விட 50 வீதம் கூடியதாகவும், பயன்படுத்தியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் திருப்தி அடைந்ததாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு 9,000 ரூபாய் முடியும். நம்பி வாங்கலாமா?

பதில்: 4 ஏக்கருக்கும் வாங்க வேண்டாம். அந்த 50 வீதம் உண்மையான கணக்காகவே இருக்கலாம். இருந்தும் அது உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். முந்திய காலபோகம், அதாவது முந்திய மாரிமழைப் போகம், 2021/22. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பர் இறுதியில் தடை நீங்கியபோது வன்னியில் விதைப்பு பெரும்பாலும் முடிந்திருந்ததால், யூரியா இல்லாமல் மஞ்சளித்து நின்ற பயிரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏக்கருக்கு 28 மூடை தந்துவந்த வயலில் அம்முறை 16 மூடைதான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காலபோகத்தில் 24 மூடை கிடைத்தால் அது சரியாக 50 வீத உயர்வு. ஆனால் வழமையான விளைச்சலுக்கு இன்னும் 4 மூடை குறைவு. அந்த உயர்வு மீண்டும் யூரியா கிடைத்ததால் வந்ததா, போத்தல் பசளையால் வந்ததா என்பதும் தெரியாது. ஆகவே அதே போகத்தில், அதே வாய்க்காலில், அதே இனத்தை விதைத்து, இதை மட்டும் இடாத வயலில் எத்தனை மூடை வந்தது என்று முகவரிடம் கேளுங்கள்.

அவர் சராசரி ஒன்றைச் சொன்னால் தனித்தனி வயல்களின் கணக்கையும் கேளுங்கள். ஐந்து வயல்களில் கூடிய மூடைகள் 0, 1, 0, 1, 18 என்றால் சராசரி 4 ஆகும். நால்வருக்கோ பசளைச் செலவுக்கே காணாது.

பத்துக்கு ஒன்பது பேரின் திருப்தியை நான் பொருட்படுத்த மாட்டேன். பயன் காணாதவர் மறுபடி கடைக்கு வருவதில்லை; வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் வேறென்ன பதில் வரும்?

36,000 ரூபாய்க்கு வீட்டு நகை அடகுக்குப் போவதை நான் அறிவேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கால் ஏக்கரில் மட்டும் இட்டு, வரம்பு பிரித்த பக்கத்துக் கால் ஏக்கரை இடாமல் விட்டு, அறுவடை இயந்திரத்தில் இரண்டும் கலந்துவிடாமல் தனித்தனியே வெட்டி, நெல்லைக் கிலோவில் நிறுத்துப் பாருங்கள். மூடையில் எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும், எல்லா மூடையும் ஒரே நிறையில் இருப்பதில்லை. உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரும் வந்து பார்ப்பார்.

வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், பொருளை வாங்கிய 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். மூன்றரை மாத நெல்லுக்கு விதைப்பன்றே பசளையை வாங்கி, அறுவடை வரை காத்திருந்து குறை சொல்லப் போனால் அந்தக் காலம் கடந்துவிடும். எனவே இடவேண்டிய கிழமையில் மட்டும் வாங்குங்கள். பற்றுச்சீட்டையும் துண்டுப்பிரசுரத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.